விகித சமம்: சூத்திரத்துக்கு முன்னே அட்டவணை



இரு விகிதங்கள் சமமாக இருப்பதே விகித சமம்; ஆனால் பல வகுப்பறைகளில் இக்கருத்து, முனை உறுப்புகளின் பெருக்கற்பலனை நடு உறுப்புகளின் பெருக்கற்பலனோடு ஒப்பிடும் சூத்திரமாகச் சுருங்கிவிடுவது வருந்தத்தக்கது. இட்லி மாவுக்கு 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து எனில், இரு உறுப்புகளையும் ஒரே எண்ணால் பெருக்கிப் பெறும் 8:2, 12:3 போன்ற சமான விகிதங்களை மாணவர்கள் அட்டவணையிட்டு, எல்லா வரிசையிலும் அரிசி உளுந்தைப் போல் 4 மடங்காகவே இருப்பதைத் தாமே காண வேண்டும். இரண்டிலும் ஒரு பங்கு கூட்டினால் வரும் 5:2 சமானமன்று என்பதும் (பெரும் தடுமாற்றம் இங்கேதான்), முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பின்னர் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என 2013இல் தமிழக அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் தூரத்தோடு உயர்ந்தாலும் அதற்கு விகித சமத்தில் அமையாது என்பதும் விளங்கிய பிறகே சூத்திரத்தைக் கற்பிக்குமாறு கணித ஆசிரியர்கள் வேண்டப்படுகின்றனர்.