விளக்கை அணையாது காப்பது எது?



காற்றையும் கதிரவனையும் நம்பி ஒரு நாட்டின் மின்சாரத்தை ஒப்படைக்கலாமா? காற்று ஓய்ந்தால், மேகம் கவிந்தால் என் செய்வது என்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானதே. ஆயின் இதனினும் ஆழமான கேள்வி ஒன்று உண்டு. காற்று நன்றாக வீசிக்கொண்டிருக்கும்போதே மின்தொகுப்பு சரிந்துவிட்டால் என் செய்வது? தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் இக்கேள்வியை இருளில் அமர்ந்து கேட்க நேர்ந்தது.

2016 செப்டம்பர் 28 அன்று அம்மாநிலத்தைக் கடும் புயல் தாக்கியது. மின்கோபுரங்கள் சாய்ந்தன. இரண்டே நிமிடங்களில் மின்னழுத்தம் ஆறு முறை தாழ்ந்தது. இத்தனை முறை தாழ்ந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் என்ற கட்டளை, காற்றாலைகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளில் முன்னரே பதிந்திருந்தது. மின்தொகுப்பை நடத்துவோர் இதனை அறிந்திருக்கவில்லை. ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் ஏழு நொடிக்குள் 456 மெகாவாட்டைக் குறைத்துக்கொண்டன. அக்குறையைச் சுமக்க முற்பட்ட விக்டோரியா மின்பாதை, பாரம் தாங்காமல் துண்டித்துக்கொண்டது. ஏறத்தாழ 8,50,000 மின் இணைப்புகள் இருளில் மூழ்கின. பழி காற்றாலைகளின்மேல் விழுந்தது. ஆராய்ந்து பார்த்தபோதோ, குறை காற்றில் இல்லை. கருவிக்கு இட்ட கட்டளையில் இருந்தது. அக்கட்டளை பின்னர் திருத்தப்பட்டது.

மற்றொரு காரணமும் உண்டு. தையல் எந்திரத்தை மிதிப்பதை நிறுத்திய பின்னும் அதன் சக்கரம் சிறிது நேரம் சுழல்வதை நம் இல்லங்களில் கண்டிருக்கிறோம். அனல் மின்நிலையத்தின் பளுவான சுழலியும் அத்தகையதே. திடீரென மின்சாரம் குறைந்தால், அதன் சுழற்சி வேகமே சில நொடிகள் தாங்கிப்பிடிக்கும். இதனையே நிலைமம் என்பர். சூரியத் தகட்டில் சுழலும் சக்கரம் இல்லை. அதன் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கித் தொகுப்புக்கு அனுப்புவது இன்வெர்ட்டர் என்னும் மின்னணுக் கருவி. அன்று அம்மாநிலத்தில் சுழலும் பளு குறைவாயிருந்தது. எனவே அதிர்வெண் மிக விரைவாக வீழ்ந்தது. காப்புக் கருவிகளுக்கு அவகாசமே கிட்டவில்லை.

சக்கரம் இல்லாததால் இன்வெர்ட்டர் பயனற்றதா? அன்று. 2017 டிசம்பரில் அம்மாநிலத்து ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் மின்கலத் தொகுதி இயங்கத் தொடங்கியது. அதே மாதம் 14-ஆம் நாள், விக்டோரியாவின் லாய் யாங் நிலக்கரி நிலையத்தில் 560 மெகாவாட் தரும் பிரிவொன்று திடீரென நின்றது. உடனே ஹார்ன்ஸ்டேல் 7 மெகாவாட் அளவு மின்சாரத்தை ஊட்டியது. அளவு சிறிது, விரைவோ கண்ணிமைக்கும் நேரம்! 2020-இல் அதன் ஆற்றல் 150 மெகாவாட்டாக உயர்ந்தது. 2022 முதல், சுழலும் சக்கரத்தைப் போலவே நடந்துகொள்ளும் கட்டளைகளுடன் அதன் இன்வெர்ட்டர்கள் பணி செய்கின்றன.

பாடற்குழுவில் பிறர் சுருதியைக் கேட்டுப் பின்தொடர்வோர் உண்டு. சுருதியை எடுத்துக்கொடுப்போரும் உண்டு. பழைய இன்வெர்ட்டர்கள் முதல் வகையின; புதியவற்றுள் சில இரண்டாம் வகையின. எனினும் எல்லாம் இவற்றால் இயலும் என்பதில்லை. பழுது நேருங்கால் பெருமளவு மின்னோட்டத்தைப் பாய்ச்ச இன்வெர்ட்டரால் இயலாது. ஆதலின் எரிபொருள் எரிக்காமல் சுழலும் நான்கு பெரும் எந்திரங்களை 2021-இல் அம்மாநிலம் துணைக்கு அமர்த்திக்கொண்டது.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. அங்கே மின்னழுத்தம் அளவு மீறி உயர்ந்தது. அதனைச் சீராக்க இன்வெர்ட்டர்களால் இயலும். ஆயினும் அங்கிருந்த சூரிய, காற்று நிலையங்களுள் பலவற்றுக்கு விதிகள் அப்பணியை ஒப்படைத்திருக்கவில்லை.

ஆற்றல் தருவது ஒன்று. இடர் நேருங்கால் விலகாது தோள்கொடுப்பது மற்றொன்று. இரண்டாவதைக் கருவியிடம் எதிர்பார்ப்பதாயின், நாம் முன்னரே கேட்டுப் பெறல் வேண்டும். கேளாமலிருந்துவிட்டு, இருண்ட பின் கருவியைப் பழிப்பதில் பொருளில்லை.