கடவுச்சொல்லைக் கோட்டைவிட்டது யார்?

தனக்கு வந்திருக்கும் மின்னஞ்சலின் தலைப்பிலேயே தன்னுடைய கடவுச்சொல்லைக் காண்பவர் திடுக்கிடுவது இயல்பே. கணினி தங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதாகவும், அதன் கேமரா மூலம் அந்தரங்கத்தைப் படம்பிடித்து விட்டதாகவும், பிட்காயினாகப் பணம் அனுப்பாவிட்டால் உற்றார், உறவினர் அனைவருக்கும் அது போய்ச் சேரும் என்றும் அடுத்தடுத்த வரிகள் மிரட்டுகின்றன.

2018-இல் உலகெங்கும் பரவிய இந்த மோசடி குறித்து, இந்திய கணினி அவசரநிலை செயல்பாட்டுக் குழு (செர்ட்-இன்) 2020-இல் மக்களை எச்சரித்தது. இத்தகைய மின்னஞ்சல்களில் கூறப்படும் படம் எதுவும் மிரட்டுபவரிடம் இருப்பதில்லை. ஒரே வாசகம் லட்சக்கணக்கானோருக்கு அனுப்பப்படுகிறது. அதில் உண்மையானது கடவுச்சொல் ஒன்று மட்டுமே; அதுவும் பெரும்பாலும் பழையது.

அந்த ஓர் உண்மை எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. 2012-இல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட 11 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் 2016-இல் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் 2017-இல் ஜொமாட்டோ நிறுவனத்தின் 1.7 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்கள் களவு போயின. 2020-இல் பிக்பாஸ்கெட் நிறுவனத்தின் 2 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்கள் கசிந்தன. சங்கேத வடிவில் வைக்கப்பட்டிருந்தாலும், எளிய கடவுச்சொற்களை உடைத்தெடுப்பது கடினமல்ல.

மிரட்டலுக்கு ஆளானவர் செய்ய வேண்டியது எளிது. பதில் அனுப்பக் கூடாது; பணம் தரவே கூடாது. பணம் தருபவர் மீண்டும் மிரட்டப்படுவார். அந்தக் கடவுச்சொல்லைப் பயன்படுத்திய எல்லாக் கணக்குகளிலும் அதை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பு முறையைச் செயல்படுத்திவிட்டு, 1930 என்ற எண்ணிலோ தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலோ புகார் செய்யலாம். உண்மையிலேயே படம் எடுக்கப்பட்டு மிரட்டப்படுபவரும் தயங்காமல் காவல்துறையை நாட வேண்டும். குற்றம் மிரட்டுபவருடையதே தவிர, மிரட்டப்படுபவருடையது அல்ல. மான அவமானத்துக்கு அஞ்சி வாய் திறக்காதிருப்பதுதான் மோசடிக்காரர்களின் முதலீடு.

ஆனால், குடிமக்களுக்கு அறிவுரை கூறுவதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. தகவல் கசிவை 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-இல் உத்தரவிடப்பட்டது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்த உத்தரவு கூறவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது 2017-இல். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 2023-இல். அதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டதோ 2025 நவம்பரில். நிறுவனங்களின் முக்கியப் பொறுப்புகள் நடைமுறைக்கு வர மேலும் 18 மாத அவகாசம் அளித்தன அவ்விதிகள்.

பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் கசிவைத் தெரிவிக்க வேண்டும் என்றும், பாதுகாப்பில் அலட்சியம் காட்டினால் ரூ. 250 கோடி வரை அபராதம் என்றும் அச்சட்டம் கூறுவது வரவேற்கத்தக்கது. ஆனால், அந்த அபராதம் போய்ச் சேருமிடம் இந்தியத் தொகுப்பு நிதி. பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து ஒரு காசும் உரிமையில்லை. அதுமட்டுமல்ல, இழப்பீடு பெற வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இதே சட்டம் வகை செய்கிறது. இதை நாடாளுமன்றம் மறுபரிசீலனை செய்வது அவசியம்.

நம்பிச் சாவியைக் கொடுத்தவரிடம் பூட்டை மாற்றிக்கொள்ளச் சொல்வது நல்ல யோசனைதான். சாவியைத் தொலைத்தவரிடம் யார் கணக்குக் கேட்பது?