செத்த பிள்ளைக்கு அத்தாட்சியா?

அமெரிக்காவில் நியூட்டவுன் என்ற ஊர். 2012 டிசம்பர் 14-ந் தேதி பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தான் ஒருவன். ஆறேழு வயசுப் பிஞ்சுகள் 20 பேர், ஆசிரியைகள் உள்பட 6 பெண்கள் பிணமானார்கள்.

"எல்லாம் நாடகம், பெற்றோர் நடிகர்கள்" என்று கதை கட்டினார் அலெக்ஸ் ஜோன்ஸ் என்ற ரேடியோக்காரர். அதை நம்பிய கூட்டம், பிள்ளையைப் புதைத்தவர்களிடமே "செத்ததற்கு அத்தாட்சி காட்டு" என்றது. மனுஷ ஜென்மமா இது! 2022-ல் ஜூரிகள் 96 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தார்கள். நல்ல சூடு.

துப்பாக்கி என்ன ஆச்சு? சந்தையில் வாங்குகிறவனையும் விசாரித்துத்தான் விற்கணும் என்று 2013-ல் செனட் சபையில் மசோதா வந்தது. ஆதரவு 54 ஓட்டு. 60 வேணுமாம், தோற்றது! கேட்டால், துப்பாக்கி உரிமையாம்.

உலக நாடுகள் அனுதாபச் செய்தி அனுப்பின. அத்தோடு சரி.

2022 மே 24-ல் டெக்சாசில் யுவால்டி பள்ளிக்கூடம். மறுபடி 19 பிள்ளைகள்.