ஐந்து கோல்களின் விலை

உதைபந்தாட்டத்தில் ஒரு நாட்டின் நாயகனாக விளங்கிய ஒருவர் பின்னாளில் அதே நாட்டின் அணியைப் பயிற்றுவிக்க முன்வரும்போது எத்தகைய ஆபத்தை விலைகொடுத்து வாங்குகிறார் என்பதற்கு, தென்கொரியாவின் சா பும் குன்னை விடவும் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. கொரிய வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வருவதால், பும் குன் என்பதே அவரது சொந்தப் பெயர். ஜேர்மானிய ரசிகர்கள் அதை வெடியோசை போல 'சா பூம்' என்று சுருக்கிக் கொண்டார்கள். முன்கள வீரராக அவருக்குக் கிடைத்த மதிப்பு வேறு, பயிற்றுநராக அவருக்கு நேர்ந்த கதி வேறு. அந்த வேறுபாட்டைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

அவர் 1953ஆம் ஆண்டு பிறந்தவர். 1978ஆம் ஆண்டின் இறுதியில் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் கழகத்திற்காக ஒரேயோர் ஆட்டத்தில் விளையாடியதும், கட்டாய இராணுவ சேவை முடியவில்லையென்று நாட்டிற்குத் திருப்பி அழைக்கப்பட்டார். விமானப்படையில் எஞ்சிய மாதங்களைக் கழித்துவிட்டு 1979இல் பிராங்பேர்ட் கழகத்தில் சேர்ந்தார். ஜேர்மனியின் முதற்தர லீக்கில் ஆடிய முதல் ஆசியர் அவரல்லர். யப்பானியரான ஒக்குடேரா 1977ஆம் ஆண்டே அங்கு சென்றுவிட்டார். ஆனால், ஆசியர் ஒருவர் அந்த லீக்கின் பின்கள வீரர்களை அஞ்ச வைக்கவும் முடியும் என்று காட்டியவர் பும் குன். 308 ஆட்டங்களில் 98 கோல்கள். அவற்றில் ஒன்றுகூடத் தண்டனை உதையால் வந்ததில்லை. அவர் ஓய்வுபெற்ற 1989இல், வெளிநாட்டு வீரரொருவர் அந்த லீக்கில் அடித்த ஆகக்கூடிய கோல்கள் அவையே. 1980இல் பிராங்பேர்ட்டுடன் யூஈஎப்ஏ கிண்ணம். 1988இல் லெவர்கூசனுடன் மீண்டும் அதே கிண்ணம். இந்த இரண்டாவது இறுதிப்போட்டியைப் பற்றிச் சற்றுக் கூற வேண்டும். ஸ்பெயினின் எஸ்பான்யோலிடம் முதல் ஆட்டத்தில் 3–0 எனத் தோற்ற அணி, சொந்த மைதானத்தில் இரண்டு கோல்களைத் திருப்பியடித்தும் ஒன்று குறைவாக நின்றது. 81ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி அந்த மூன்றாவது கோலைப் போட்டவர், 35ஆவது வயதை எட்டவிருந்த பும் குன். கிண்ணம் தண்டனை உதைகளில் கிடைத்தது.

அவரது குணத்திற்கு ஒரு சான்று. 1980இல், அப்போது எதிரணியாக இருந்த லெவர்கூசனின் யூர்கன் கெல்ஸ்டோர்ப் பின்னாலிருந்து மோதியதில் அவரது முதுகெலும்பு காயமடைந்தது. பிராங்பேர்ட் ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள், வழக்குத் தொடரவும் பேச்சு அடிபட்டது. வேண்டாமென்று தடுத்தவர் பும் குன். மூன்று ஆண்டுகளில் அவரும் கெல்ஸ்டோர்ப்பும் ஒரே அணியின் வீரர்கள்!

இனி பயிற்றுநர் கதைக்கு வருவோம். 1996 டிசம்பரில் ஆசியக் கிண்ணப் போட்டியில் கொரியா ஈரானிடம் 6–2 என்று தோற்றது. அப்போதைய பயிற்றுநர் வீட்டிற்கு அனுப்பப்பட்டார். அந்தக் கதிரையில்தான் 1997 ஜனவரியில் பும் குன் அமர்ந்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் டோக்கியோவில், யப்பானை அதன் மண்ணிலேயே 2–1 என்று வென்றபோது அவரைப் போற்றாத கொரியரில்லை. கொரியா தொடர்ந்து நான்காவது தடவையாக உலகக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றது. நவம்பரில் நாட்டின் பொருளாதாரம் சரிந்து அரசு சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்தியது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். அத்தகைய மக்களின் ஒரேயொரு நல்ல செய்தியாக அந்த அணி பிரான்ஸ் சென்றது.

மெக்சிக்கோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஹா சொக் ஜூ கோலடித்தார். உலகக் கிண்ண ஆட்டமொன்றில் கொரியா முன்னிலை பெற்றது அதுவே முதல் தடவை. சில நிமிடங்களிலேயே அவர் பின்னாலிருந்து காலை இடறி வெளியேற்றப்பட்டார். பத்துப் பேருடன் ஆடிய கொரியா 3–1 எனத் தோற்றது. தகுதிச் சுற்றில் கோல்களைக் குவித்த சோய் யொங் சூவை அன்று ஏன் ஆரம்பத்திலிருந்தே இறக்கவில்லை என்று பத்திரிகைகள் கேட்டன. கேட்க வேண்டிய கேள்விதான். முன்னணித் தாக்குதல் வீரர் ஹ்வாங் சுன் ஹொங், சீனாவுடனான பயிற்சி ஆட்டத்தில் காயமுற்றதை யாரும் அவ்வளவாக நினைவூட்டவில்லை. ஜூன் 20ஆம் திகதி மார்செயில் நெதர்லாந்து 5–0 என்று வென்றது. மறுநாள், இன்னும் ஓர் ஆட்டம் மீதமிருக்கையில், பும் குன் பதவி நீக்கப்பட்டார். அதே சுற்றுப்போட்டியில் சவூதி அரேபியாவும் துனீசியாவும் தங்கள் பயிற்றுநர்களை இடைநடுவில் கலைத்தன. சவூதியின் பரெய்ரா நான்கு ஆண்டுகளுக்கு முன் பிரேசிலுக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்தவர்! எஞ்சிய ஆட்டத்தில் கொரியா பெல்ஜியத்துடன் 1–1 எனச் சமன் செய்தது.

ஓர் ஆட்டத்திற்காக நான்கு நாட்கள் பொறுக்க முடியாத சம்மேளனம் அந்த நீக்கத்தால் எதைச் சாதித்தது? விளையாட்டு ரீதியாக எதுவுமில்லை. நாட்டில் பொங்கிய கோபத்திற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. ஆகவும் பிரபலமான முகம் கொடுக்கப்பட்டது. செய்தி அறைகளில் பல்லாண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தோல்வி என்ற சொல்லை விட நீக்கம் என்ற சொல்லுக்குத் தலைப்பில் எப்போதும் பெரிய எழுத்துக் கிடைக்கும். அதைச் சம்மேளன அதிகாரிகளும் அறிவார்கள்.

அதோடு முடியவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் சஞ்சிகையொன்றிற்கு வழங்கிய நேர்காணலில், கொரிய லீக்கில் ஆட்ட நிர்ணய மோசடி நடப்பதாக அவர் கூறினார். சம்மேளனம் அவருக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. அவர் சீனாவின் சென்சென் கழகத்திற்குப் பயிற்றுவிக்கப் போனார். 13 ஆண்டுகள் கழிந்து, 2011இல் கொரிய லீக்கில் ஆட்ட நிர்ணய ஊழல் வெடித்து, நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் வாழ்நாள் தடைக்கு உள்ளானார்கள். அது 1998இல் அவர் சொன்னதை நிரூபித்துவிட்டதென்று நான் வாதிடமாட்டேன். இரண்டும் வெவ்வேறு காலங்கள். ஆனால், குற்றச்சாட்டு எழுந்தபோது சொன்னவரைத் தண்டித்த வேகம் அந்தச் சம்மேளனத்திற்குப் பெருமை சேர்க்கவில்லை.

இப்போது, இந்தக் கதையில் எனக்கு மிகவும் சுவையானதாகத் தோன்றும் பகுதி. மார்செயில் கொரியாவை ஐந்து கோல்களால் வீழ்த்திய நெதர்லாந்து அணியின் பயிற்றுநர் குஸ் ஹிடிங்க். அவரைத்தான் கொரியா 2002 உலகக் கிண்ணத்திற்காக அழைத்து வந்தது. 2001 மே மாதம் பிரான்சிடம் 5–0 தோல்வி. ஓகஸ்டில் செக் குடியரசிடம் மீண்டும் 5–0 தோல்வி. கொரியப் பத்திரிகைகள் அவருக்கு 'ஐந்துக்குப் பூச்சியம்' என்றே பட்டப்பெயர் சூட்டின. எனினும் அவர் நீக்கப்படவில்லை. சம்மேளனத்தின் தலைவர் அப்போதும் சுங் மொங் ஜூன்தான்; 1998இலும் அவர்தான். பும் குன்னுக்கும் ஹிடிங்கிற்கும் உலகக் கிண்ணத்திற்கு முன் கிடைத்த காலம் ஏறத்தாழ ஒரே அளவு, பதினெட்டு மாதங்கள்.

ஹிடிங்கின் தோல்விகள் நட்புறவு ஆட்டத்திலும் சிறிய சுற்றுப்போட்டியிலும் நேர்ந்தவை, உலகக் கிண்ணத்தில் அல்ல என்று சொல்லலாம். உண்மை. அவருக்கு வீரர்களை மாதக்கணக்கில் முகாமில் வைத்திருக்கும் வசதியும் கிடைத்தது. ஆனால், அவ்வசதியை உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவருக்கு வழங்க எவரும் நினைக்கவில்லை என்பதே எனது முறைப்பாடு. வெளியாருக்குத் திட்டமும் அவகாசமும். நம்மவருக்கு அடுத்த ஆட்டம் வரை மட்டும் தவணை. கொரியா அரையிறுதிக்கு முன்னேறிய அந்த அணியில் பும் குன்னின் மகன் டு ரி இருந்தார். தகப்பனார் எம்பிசி தொலைக்காட்சியின் வர்ணனையாளர்.

அவர் பயிற்றுநராகத் தேறாதவர் என்று எண்ணியவர்களுக்குப் பதில் 2004இல் கிடைத்தது. சுவோன் கழகத்தைப் பொறுப்பேற்ற முதலாண்டிலேயே லீக் பட்டம். 2008இல் மீண்டும் பட்டம். 2009இல் கொரியச் சம்மேளனக் கிண்ணம். ஐரோப்பாவின் பெரும் பயிற்றுநர்களோடு வைத்து எண்ணத்தக்கவர் அவரென்று நான் கூறவில்லை. தனது திட்டத்தை இடையில் மாற்றத் தயங்குகிறவர் என்ற விமர்சனம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால், ஆறு பருவகாலம் ஒரே கழகத்தில் இருக்க விட்டதும் அவர் மூன்று கிண்ணங்களைக் கொண்டுவந்தார். 2010ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அணி பின்தங்கியிருந்த வேளையில், தாமாகவே விலகினார். தேசிய அணிக்கு அவரை மறுபடி எவரும் அழைக்கவில்லை.