வருகை ஒன்று, இரவல் இல்லை

ஆகஸ்ட் 12, நூலகர் தினம் வந்தால் நூலகர்களான நமக்கும் மாலை விழுகிறது. நூலகவியல் முன்னோடி ரங்கநாதன் படத்துக்கு ஒன்று, சிறப்பு விருந்தினருக்கு ஒன்று, மிச்சமிருந்தால் ஓய்வுபெறப் போகும் நூலகருக்கு ஒன்று. பிறகு பேச்சு. புத்தகம் மனிதனை எப்படி மாற்றும், எந்தத் தலைவர் எத்தனை மணி வரை கண்விழித்துப் படித்தார் என்று ஒன்றுவிடாமல் வந்துவிடும். எழுந்து வரும்போது புத்தகத்தின் பெருமை நன்றாக நிலைநாட்டப்பட்டிருக்கும். நூலகர் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்கிறார் என்பது மட்டும் யார் வாயிலும் வந்திருக்காது. மைக்கைப் பிடிப்பவர் நம்மில் ஒருவராக இருந்தாலும் கதை இதுதான்.

கல்யாண வீடுகளில், "குடுத்து வெச்சவர் சார் நீங்க, நாள் பூரா படிச்சுக்கிட்டே இருக்கலாம்" என்பார்கள். சிரித்துவைப்போம். அதே எண்ணம் அலுவலகக் கூட்டத்துக்கு வரும்போது சிரிக்க முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் நிதி பார்க்கும் அதிகாரி என்னிடம் கேட்டார்: "புத்தகத்தை எடுத்துக் குடுக்க எதுக்குங்க ரெண்டு பட்டம்?" அன்று நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. கோப்பைத் திறந்து, மாத வாரியான வருகைக் கணக்கை எடுத்து நீட்டினேன்.

அவர் கெட்டிக்காரர். "இவங்கள்ல எத்தனை பேர் உங்க புத்தகத்தைப் படிக்க வர்றாங்க?" என்றார். பாதிக்கு மேல் போட்டித் தேர்வுப் பிள்ளைகள். சொந்த கைடு, சொந்த நோட்டு, சொந்த தண்ணீர் பாட்டில். நாங்கள் கொடுத்தது மேசை, மின்விசிறி, அமைதி. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் அவை மூன்றும் கிடையாது என்பதால் அதுவும் பெரிய உதவிதான் என்று சொன்னேன். "அப்ப ஒரு வாட்ச்மேன் போதுமே" என்றார். என் கணக்கை வைத்தே என் பணியிடத்தைக் கழித்துக் காட்டிவிட்டார்.

அவர்மேல் கோபித்துப் பயனில்லை. நம் தொழிலுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் நாம் கட்டடத்தையும் புத்தகத்தையும் முன்னால் நிறுத்திவிட்டு அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்கிறோம். பிரிட்டனில் 2010க்குப் பின் வந்த பத்தாண்டுகளில், உள்ளாட்சி நிதி வெட்டால் ஏறக்குறைய 800 பொது நூலகங்கள் மூடப்பட்டன. ஊர்மக்கள் சும்மா இருக்கவில்லை; பதாகை பிடித்தார்கள், எழுத்தாளர்கள் பேசினார்கள், சில ஊர்களில் வழக்குகூடப் போட்டார்கள். பல இடங்களில் கதவும் திறந்தே இருந்தது. உள்ளே போனால் மேசைக்குப் பின்னால் சம்பளமில்லாத தன்னார்வலர். நல்ல மனிதர்கள்தான். நூலகம் பிழைத்தது, நூலகர் போனார். கட்டடம் வேண்டும், புத்தகம் வேண்டும் என்று கேட்டார்கள், கேட்டது கிடைத்தது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக 2011இல் அறிவித்தபோதும் வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. புத்தகங்களுக்கு வாதாட இந்த நாட்டில் ஆள் உண்டு. நம் வேலைக்கு வாதாட வேண்டியவர்கள் நாம்தான். ஆனால் அந்த வேலை என்ன என்பதை நாம் சொல்லிப் பழகவே இல்லை.

என் தோழி ஒருவர் மேற்கு மாவட்டமொன்றில் கிளை நூலகர். 2021இல் ஒரு மத்தியான வேளை, ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் படியேறி வந்தார். "ஏம்மா, சட்டப் புத்தகம் இருக்குதா?"

"இருக்குதுங்கம்மா. எதுக்குன்னு சொன்னீங்கன்னா பாத்து எடுத்துத் தரேன்."

சொல்ல மனமில்லை. சட்ட அடுக்கைக் காட்டி அனுப்பியிருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். தோழி நாற்காலியை இழுத்துப் போட்டார். மெல்ல மெல்ல விஷயம் வந்தது. அப்பா 2003இல் இறந்துவிட்டார். பூர்வீகக் காடு இன்னும் பாகம் பிரியவில்லை. இவருக்குக் கல்யாணம் ஆனது 1984இல். "1989க்கு முன்னாடி கட்டிக் குடுத்த பொண்ணுக்கு எங்களுக்குச் சமமாப் பங்கு கெடையாது" என்று தம்பிகள் சொல்கிறார்கள். அது நிசமா என்று தெரிய வேண்டும்.

அந்த நூலகத்தின் அடுக்கில் இதற்குப் பதில் சொல்லும் புத்தகங்கள் இரண்டு இருந்தன. இரண்டுமே அவரை ஏமாற்றியிருக்கும். பழையது, இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989ஆம் ஆண்டு வந்த தமிழ்நாட்டுத் திருத்தத்தோடு நிற்கிறது. அதன்படி தம்பிகள் சொல்வது சரி. மற்றது புதியது, மகளுக்கும் சமப் பங்கு தந்த 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தமும் அதில் உண்டு. ஆனால் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு அது முடிந்துவிடுகிறது. அதன்படியும் இவருக்கு இல்லை. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிலையை மாற்றி, மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொன்னது. அடுக்கில் இருந்த எந்த நூலிலும் அது ஏறியிருக்கவில்லை.

தோழி வழக்கறிஞர் அல்ல. அதை முதலில் அந்த அம்மாவிடம் சொன்னார். தீர்ப்பைக் கணினியில் தேடியெடுத்து, முக்கியமான பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தார். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி இலவசமாகக் கிடைக்கும் என்று சொல்லி, வட்ட சட்டப் பணிகள் குழு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதைத் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, அந்தப் பழைய நூலை அடுக்கிலிருந்து எடுத்துக் கழிவுப் பட்டியலில் சேர்த்தார். நாற்பது நிமிடம். அன்றைய பதிவேட்டில் அந்த அம்மா வருகையில் ஒன்றாக ஏறினார். இரவலில் ஒன்றும் இல்லை.

அந்த நாற்பது நிமிடத்துக்குத்தான் இரண்டு பட்டம். கேட்ட கேள்விக்கும் கேட்க வந்த கேள்விக்கும் உள்ள தூரத்தை அளக்க ஒரு பயிற்சி வேண்டும். எந்தப் பதிப்பு எந்தத் தேதியோடு செத்துப்போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தனக்குத் தெரியாத இடத்தில் நிறுத்திக்கொண்டு யாரிடம் அனுப்புவது என்றும் தெரிய வேண்டும். நூல்களை அடுக்கத் தன்னார்வலர் கற்றுக்கொண்டுவிடலாம். அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தெறியும் துணிச்சலுக்குப் பின்னால் படிப்பு இருக்கிறது.

நூற்பட்டியும் இப்படித்தான், யார் கண்ணுக்கும் படாத உழைப்பு. வள்ளலார் என்று தேடுகிறவருக்கு இராமலிங்க அடிகள் என்ற பதிவும் ராமலிங்க சுவாமிகள் என்ற பதிவும் சேர்ந்து வரவேண்டும். வராவிட்டால் திருவருட்பாப் பதிப்புகளில் பாதி அந்த வாசகருக்கு இல்லாமலே போகும். சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவர் என்று எந்திரத்துக்கு யாரோ ஒருவர் சொல்லித் தந்தாக வேண்டும். இப்போது வாசகர்கள், கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவு உரையாடு செயலி தந்த நூற்பட்டியலோடு வருகிறார்கள். ஆசிரியர் பெயர் உண்மை, பதிப்பகம் உண்மை, அப்படி ஒரு நூல் மட்டும் வெளிவந்ததே இல்லை. நாலைந்து இடங்களில் தேடிப் பார்த்துவிட்டு, 'இது எங்கும் கிடையாதுங்க' என்று உறுதியாகச் சொல்வதும் வேலைதான். அதற்கும் பதிவேட்டில் கட்டமில்லை.

ரங்கநாதனே இந்த வேலையை விரும்பி வந்தவரில்லை என்பதை நாம் மேடைகளில் மெல்லக் கடந்துபோகிறோம். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சும்மா உட்கார்ந்திருப்பது தாளாமல், வகுப்பறைக்கே திருப்பி அனுப்பிவிடும்படி கேட்டார். பயிற்சிக்காக லண்டன் போய், குரோய்டன் போன்ற நூலகங்கள் நடக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான் மனம் மாறியது. ஒரு கணித ஆசிரியர் மண்டையை உடைத்துக்கொள்ளத் தகுந்த சிக்கல்கள் இதற்குள் இருக்கின்றன என்று கண்டார். அங்கே ஒரு கடையில் பார்த்த மெக்கானோ விளையாட்டுச் சாமானிலிருந்து அவருடைய கோலன் நூற்பகுப்பு முறைக்கு வித்து கிடைத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். 1931இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பதைப் பற்றியது. நாம் அதிகம் மேற்கோள் காட்டாத விதியும் அதுதான். அந்த அம்மாவுக்குக் கிடைத்தது அதுதான் அல்லவா?

சரி, நம் பக்கத்து அழுக்கையும் பார்த்துவிடுவோம். பூட்டிய பீரோ இன்னும் எத்தனை நூலகங்களில் இருக்கிறது? சாவி நூலகரிடம், நூலகர் விடுப்பில். வாசகரைத் திருடராகப் பார்க்கும் அந்த வழக்கத்தை எந்தத் தொழில் தர்மத்தின் பெயராலும் காக்க முடியாது. ஆனால் அதன் வேர் சோம்பேறித்தனமல்ல, பயம். இருப்புச் சரிபார்ப்பில் குறைந்த நூலுக்குத் தம் சம்பளத்திலிருந்து கட்டிய நூலகர்களை எனக்குத் தெரியும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளோ, ஓராண்டில் வழங்கப்படும் அல்லது பார்வையிடப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை இயல்பென்றே ஏற்கின்றன; நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ இருக்கக்கூடாது, 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற நிர்வாகங்களிலும் இதே அளவுகோலை எழுத்தில் கேட்டு வாங்குவது, நூலகர் சங்கங்கள் கையில் எடுக்க வேண்டிய கோரிக்கை. ஊதியக் கோரிக்கைக்கு இது ஒன்றும் இளைத்ததல்ல.

நம் வேலையைச் சொல்லிப் பழகவே, நம் பத்திரிகையின் அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களைக் கேள்விப் பதிவேட்டுக்கு ஒதுக்குகிறோம். உங்கள் நூலகத்தில் ஒருவர் கேட்ட கேள்வி, அவர் உண்மையில் கேட்க வந்தது, நீங்கள் எங்கெங்கே தேடினீர்கள், எவ்வளவு நேரம் பிடித்தது: இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள். வாசகரின் பெயரோ ஊரோ அடையாளமோ வேண்டாம். மாதம் இருபதாம் தேதிக்குள் வந்தால் அடுத்த இதழில் சேரும். தோற்ற தேடல்களையும் அனுப்புங்கள். கிடைக்கவில்லை என்று முடிந்தவற்றுக்கே முதல் இடம். அந்த நிதி அதிகாரியின் முகவரி என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கங்கள் வரும் முதல் இதழ் அவருக்கும் போகும்.