பிக்கப் தருவது இன்ஜின், சத்தமல்ல

பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதியின் கேரள–தமிழக எல்லைக் கிராமங்களில் பொழுது சாய்ந்தால் சைலன்சர் மாற்றிய பைக்குகளின் வெடிச்சத்தம் தொடங்கிவிடுகிறது. உதியன்குளங்கரை, அமரவிளை கடைத்தெருக்களை ஊடுருவும் தேசிய நெடுஞ்சாலையானாலும், காரோடு வரை நீளும் புறவழிச்சாலையின் அகன்ற கான்கிரீட் தளமானாலும், தனுவச்சபுரத்துக்கும் வெள்ளறடைக்கும் போகும் ஊர்ச்சாலைகளானாலும் நிலைமை ஒன்றுதான். ஏன் மாற்றினாய் என்று கேட்டால் இளைஞர்கள் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: வண்டிக்குப் பிக்கப் கூடும். இந்த நம்பிக்கை பிழையானது. நல்ல பிக்கப்புக்கு ஆசைப்படுவதில் தவறே இல்லை. அந்த ஆசைக்குச் சரியான வழி இருக்கும்போது, ஊரின் தூக்கத்தைக் கெடுக்கும் வழியை இரு மாநில அரசுகளும் கண்டும் காணாமல் விடக்கூடாது.

இந்தப் பகுதி ஆளரவமற்ற வெளியல்ல. பாறசாலையில் தாலுகா மருத்துவமனை, நெய்யாற்றின்கரையில் பொது மருத்துவமனை, காரக்கோணத்தில் மருத்துவக் கல்லூரி, வழிநெடுகப் பள்ளிகள், தேவாலயங்கள், கோயில்கள். ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக்க அவை வழி செய்கின்றன. அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபெல்தான் வரம்பு. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45. டெசிபெல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. அப்படியென்றால் நள்ளிரவில் சீறிப்போகும் ஒற்றை பைக், நோயாளியின் படுக்கையருகே என்ன செய்யும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

முதலில், சத்தம் கூடினால் சக்தி கூடியது என்ற எண்ணத்தைச் சோதிப்போம். ஒரு மீட்டர் தொலைவில் 110 டெசிபெல் என்பது காதைப் பிளக்கும் ஒலி. ஆனால் அந்த ஒலி எல்லாத் திசையிலும் பரவும்போது அதன் மொத்த ஆற்றல் ஏறத்தாழ ஒரு வாட்தான். படுக்கையறை இரவு விளக்குக்கும் அவ்வளவு போதும். 15 குதிரைத்திறன் கொண்ட இன்ஜின் தருவதோ சுமார் 11,000 வாட். சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் சக்கரத்துக்குப் போகும் சக்தியோடு அதற்குக் கணக்கே இல்லை. காது ஏமாறுகிறது, அவ்வளவுதான்.

சைலன்சரைப் பலர் வெறும் அடைப்பாகவே பார்க்கிறார்கள். உண்மையில் அது இன்ஜினோடு சேர்த்து வடிவமைக்கப்பட்ட பாகம். புகை வெளியேறும்போது குழாய்க்குள் அழுத்த அலைகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. சரியான நேரத்தில் திரும்பி வரும் அலை, எரிந்த புகையை முழுதாக வெளியே இழுத்துப் புதுக் காற்றுக்கு இடம் தருகிறது. குழாயின் நீளம், விட்டம், உள் அறைகள் எல்லாம் இந்தக் கணக்கின்படி அமைந்தவை. அதைக் கழற்றி ஒரு திறந்த குழாயை மாட்டினால், அன்றாடம் ஓட்டும் நடுத்தர வேகத்தில் பல வண்டிகளுக்கு இழுவை குறைகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி அளந்து தருகிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் அதற்குத் தகவல் சொல்கிறது. அந்தக் கணக்குக்கு ஒவ்வாத சைலன்சரை மாட்டினால் பெட்ரோல் விகிதம் தடுமாறலாம், இன்ஜின் சூடேறலாம். வினையூக்கி மாற்றியையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்தால், கார்பன் மோனாக்சைடும் பிற நச்சுப் புகையும் நேராக ஊருக்குள் வருகின்றன.

பந்தய வண்டிகளில் தடையற்ற சைலன்சரால் பலன் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே எரிபொருள் கணக்கையும் சேர்த்து மாற்றுகிறார்கள். கிடைக்கும் கூடுதல் சக்தியும் பெரும்பாலும் உச்ச சுழற்சியில்தான் வரும். அந்தப் பந்தயங்களுக்கே சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு ஒலி வரம்பு விதித்திருக்கிறது.

சத்தம் வேறு, சக்தி வேறு என்பதை வரலாறும் சொல்கிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன், வெளியேறும் அலைகளை விரிகுழாயால் திருப்பி இன்ஜினுக்கே அனுப்பினார். 1961-இல் அவரது 125 சி.சி. பந்தய இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. வெளியே சிதறவிருந்த அலையை உள்ளே வேலை வாங்கியதால் கிடைத்த சக்தி அது. நம் ஊர்களில் இன்றும் பேசப்படும் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது 1985-இல், 98 சி.சி., 11 குதிரைத்திறன். இன்றைய 155 சி.சி. ஆர் 15 பதினெட்டுக்கு மேல் தருகிறது. நான்கு வால்வு, திரவக் குளிர்ச்சி, உயர்ந்த அழுத்த விகிதம், வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு ஆகியவற்றால் வந்த வளர்ச்சி இது. சத்தம் சட்ட வரம்புக்குள்ளேயே நிற்கிறது.

பிக்கப் குறைந்த வண்டிக்கு வைத்தியம் நல்ல மெக்கானிக்கின் கையில் இருக்கிறது. அடைத்த ஏர் ஃபில்டரை மாற்றுவது, ஸ்பார்க் பிளக் இடைவெளியைப் பார்ப்பது, டாப்பெட் சரிசெய்வது, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்வது, கையேட்டில் சொன்ன ஆயிலை உரிய நேரத்தில் மாற்றுவது, செயினுக்கு எண்ணெயும் சரியான தளர்வும் கொடுப்பது, உரசி நிற்கும் பிரேக்கை விடுவிப்பது, டயரில் சரியான காற்று. கவனிக்காமல் விட்ட வண்டியில் இத்தனையும் செய்தால் வித்தியாசத்தை ஓட்டுபவரே உணர்வார். விலை உயர்ந்த சைலன்சருக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது.

சத்தம் கேட்டால்தான் எதிரே வருபவர் ஒதுங்குவார், அது பாதுகாப்பு என்று வாதிடுவோரும் உண்டு. சைலன்சரின் வாய் பின்னோக்கி இருக்கிறது. ஆபத்து பெரும்பாலும் முன்னால் வருகிறது. எச்சரிக்கத்தான் ஹாரனும் விளக்கும் இருக்கின்றன.

சட்டத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. புகை வெளியேறும் ஒலியை இயன்ற அளவு குறைக்கும் கருவி ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 120. தயாரிப்பு நிலையிலேயே 80 முதல் 175 சி.சி. வரையான இருசக்கர வாகனங்களுக்கு 77 டெசிபெல்லும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 80 டெசிபெல்லும் வரம்பு. வண்டியை விதிக்குப் புறம்பாக மாற்றும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் உரிமத் தகுதியிழப்பு. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு கேரளத்திலிருந்தே போனது.

குறை அமலாக்கத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் என்று கோடு பிரிந்தது. அந்தக் கோட்டைத் தாண்டக் களியக்காவிளையிலிருந்து சில நிமிடம் போதும். கே.எல். 19, கே.எல். 20 வண்டிகளும் டி.என். 75 வண்டிகளும் ஒரே சாலையில் ஓடுகின்றன. மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம்; எல்லையின் இருபுறமும் அது ஒன்றே. ஆனால் சோதனை ஒரு பக்கம் மட்டும் நடந்தால், மறுபக்கம் போய் நிற்க அதிக நேரம் ஆகாது. 2022 பிப்ரவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை நடத்திய 'ஆபரேஷன் சைலன்ஸ்' நல்ல தொடக்கம். சில நாள் வேட்டை ஆண்டு முழுவதுக்கும் போதாது. 2023 ஜூனில் கேரளம் இயக்கிய 726 கேமராக்கள் தலைக்கவசம் இல்லாததைப் பார்க்கும், சத்தத்தைக் கேட்காது. பாரிஸ் நகரம் 2022-இலேயே ஒலியை அளந்து வண்டியைப் படமெடுக்கும் ராடாரைச் சோதிக்கத் தொடங்கிவிட்டது.

இரு மாநிலங்களும் செய்ய வேண்டியவை தெளிவானவை. கேரள மோட்டார் வாகனத் துறையும் தமிழகப் போக்குவரத்துத் துறையும் இஞ்சிவிளை–களியக்காவிளை எல்லையில் ஒலி அளவியோடு மாதந்தோறும் கூட்டுச் சோதனை நடத்த வேண்டும். அபராதத்தோடு விட்டுவிடாமல், மூல சைலன்சரை மாட்டி வண்டியைக் காட்டிய பிறகே வழக்கை முடிக்க வேண்டும். இத்தகைய சைலன்சர்களை விற்பவர்களையும் மாட்டிக் கொடுப்பவர்களையும் விசாரிக்க வேண்டும். இருபது வயதுப் பையனை மட்டும் தண்டிப்பது நியாயமல்ல. தனுவச்சபுரம் அரசு ஐ.டி.ஐ. போன்ற நிறுவனங்கள் உள்ளூர் மெக்கானிக்குகளோடு சேர்ந்து, சட்டத்துக்கு உட்பட்டு வண்டியின் திறனைக் கூட்டும் இலவச முகாம்களை நடத்தலாம். வேகத்தில் உண்மையான ஈடுபாடுள்ள இளைஞர்கள் இருங்காட்டுக்கோட்டை, கோவை பந்தயத் தடங்களில் பயிற்சி பெற உதவ வேண்டும்.

இளைஞர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் நாம் கேட்பது இதைத்தான்: கழற்றி வைத்த பழைய சைலன்சரை இந்த வாரமே திரும்ப மாட்டுங்கள், இனி சைலன்சருக்குச் செலவிடவிருக்கும் பணத்தில் இன்ஜினைக் கவனியுங்கள். வண்டி நன்றாக இழுக்கும், ஊரும் நிம்மதியாக உறங்கும்.