இன்னும் யாரைக் கேட்கணும்?

எனக்கு வயது 64. சிநேகிதிகள் இருவருடன் பிரான்சில் வாடகைக் கார் எடுத்து, லுவார் நதிக்கரையோரம் ஒரு வாரம் சுற்றி வந்தேன். "இந்த வயசுல, ஆம்பளைத் துணையில்லாம எதுக்கு?" என்றார்கள் வீட்டில். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். ஒருத்தி ஓட்ட, ஒருத்தி வழி பார்க்க, இன்னொருத்தி "வலது, வலது" என்று ஞாபகப்படுத்த, பத்திரமாகத்தான் போனோம்.

ஷேர் நதியின் மேலேயே நிற்கும் ஷெனோன்ஸோ மாளிகையைப் பார்த்துப் பார்த்துக் கட்டியதும் காத்ததும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனாலும், கணவன் சம்மதமில்லாமல் மனைவி வங்கிக் கணக்குத் தொடங்க அந்த நாட்டிலேயே 1965-ல்தான் சட்டம் வழிவிட்டது. நம்மைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. பென்ஷனும் நம்முடையது. பிறகும் அனுமதிக்காக நிற்பானேன்?

முழங்கால் ஒத்துழைக்கும்போதே கிளம்புங்கள், தோழிகளே! பேரனுக்கு ஒரு வாரம் தாத்தா சோறு ஊட்டட்டுமே!

— ஒரு வாசகி, புதுச்சேரி